ஒத்தக்கொம்பன் என்கிற பங்கேற்பாளர் 7

பிள்ளைப்பாக்கத்தில் பேச்சிராஜ் என்ற பெயரை அறிந்தது ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேடு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவன் ஒத்தக்கொம்பன். கைபேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்கு அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் லைனில், சூப்பர்வைசரே "இன்னா கொம்பா, ஓ.டி. பாக்குறியா?" என்றுதான் கேட்பார்.

அறையில் அவன் போக ஏழு பேர். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். பேச்சிராஜைத் தவிர எல்லோரும் ஒரே சாதி. இது அவன் ஒருவனுக்கே தெரியும். முதல் நாள் "எந்த ஊருலே?" என்று கேட்டார்கள். ஊரைச் சரியாகவே சொன்னான், தெருவைச் சொல்லவில்லை. மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். மூன்று வருஷம் ஒரே சட்டியில் சோறு. ஆட்டத்தில் அறையே ஓர் அணி, அவன்தான் கேப்டன். ஊரில் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றின் இரண்டு நிறத்தில்தான் அணி முழுவதுக்கும் திரையில் சட்டை. கேப்டனுக்கும் அதே சட்டை. எதிரி விழும்போது போட ஒரு கூச்சல் கண்டுபிடித்து, எல்லோருக்கும் பழக்கியதும் கேப்டன்தான். மற்றவர்களைவிட உரக்கப் போடுகிறவனும் அவனே.

பிறகு சென்னையிலிருந்து கவியா வந்தார். வீடியோ விளையாட்டும் அரசியல் அடையாளமும் என்று முனைவர் பட்ட ஆய்வு. அரசியலைத் தேடிக் கொடிக்கம்பத்துக்குப் போகாமல் ஆட்டத்துச் சட்டைக்கு வந்தார், கெட்டிக்காரர். கோபாலின் டீக்கடையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை பேட்டி. ஆறாவது ஞாயிறு பேச்சிராஜ் சொல்லிவிட்டான்.

"அந்தக் கலர் என்னோடது இல்ல மேடம். ஊருல எங்க தெருவுக்கும் அவுக ஆளுக தெருவுக்கும் நடுவுல சுவரு கெடக்கு. ஆட்டத்துலதான் அதத் தாண்டுனேன். ரூமுல தெரிஞ்சா அவ்வளவுதான்."

"உங்க பேர் வெளிய வரவே வராது, பேச்சிராஜ்."

சொல்லைக் காப்பாற்றினார். கட்டுரையில் ஊர் மாறியது, வயது மாறியது, பேச்சிராஜ் 'பங்கேற்பாளர் 7' ஆனான். ஒத்தக்கொம்பன் மட்டும் ஒத்தக்கொம்பனாகவே இருந்தான். ஆட்டப் பெயரே முகமூடி, முகமூடிக்கு எதற்கு இன்னொரு முகமூடி என்பது கவியாவின் வாதம். பல்கலைக்கழக நெறிக்குழுவும் தலையாட்டியது. ஆய்வின் பலன் தொழிலாளர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று, அணியின் வாட்ஸப் குழுவில் இணைப்பையும் போட்டார்.

ஆங்கிலத்தைக் கைபேசி தமிழாக்கிக் கொடுத்தது. நைட் ஷிப்ட் முடிந்த காலையில், துணைக் கேப்டன் உச்சிமாகாளி பல் துலக்கிக்கொண்டே உரக்க வாசித்தான். பாதியில் துலக்குவதை நிறுத்தினான்.

"கேப்டன், ஒனக்குச் சுவரு தாண்ட ரொம்ப ஆசையாமே?"

பதிலுக்குக் காத்திராமல் மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"ஏலே, அந்தச் சோத்துச் சட்டியத் தூக்கி வெளிய எறி."

யாரும் அடிக்கவில்லை. சட்டிக்குப் பின்னால் அவன் பையும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போனது. கேட் திறந்துதான் கிடந்தது. ஒருவன் போய் அதைப் பூட்டினான்.

"தாண்டுலே. ஆட்டத்துல மட்டுந்தான் தாண்டுவியோ?"

"எப்பா, கேப்டன் ஏறுதான்! பாத்துலே, கண்ணாடிச் சில்லு கெடக்கு!"

சில்லில் அவன் கை பதிந்தபோது ஏழு பேரும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். அவன் பழக்கிய கூச்சல்தான், நன்றாகவே பழகியிருந்தார்கள்.

வெளியே கோபால் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "இன்னா கொம்பா, கேட்டு தொறக்கலியா? கையெல்லாம் ரத்தமா கீதே."

பேச்சிராஜ் ஆட்டத்திலிருந்து ஒத்தக்கொம்பனை அழித்துவிட்டு, வல்லக்கோட்டையில் ஒடிசாக்காரர்களின் அறைக்குப் போனான். விஷயம் கேட்டுக் கவியா உண்மையாகவே அழுதார். அடுத்த வாரம் நேரில் வந்தார், தொடர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தோடு.

"இந்தத் தடவை ஆட்டப் பேரும் வராது. உங்களுக்குப் பிடிச்ச பேரை நீங்களே எழுதுங்க, அதையே போடறேன்."

கட்டுப் போட்ட கையால் எழுதினான்: பேச்சிராஜ்.

"ஐயோ, சொந்தப் பேர் போடக் கூடாதுங்க."

"அது ஒண்ணுதான் மேடம் இங்க ஒருத்தனுக்கும் தெரியாது."

கவியா அந்தப் பெயரை அடித்துவிட்டு, மேலே 7 என்று எழுதினார். அவன் சொன்ன வாக்கியத்தை மட்டும், ஒரு சொல் விடாமல், நோட்டில் குறித்துக்கொண்டார்.