நிமிராத கை

கிருபனின் வலது முழங்கை நிமிராது. ஏழு வயதில் மதிலிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு, கொஞ்சம் மடங்கியபடியே பொருந்திவிட்டது. சோறு தின்னவும் செபிக்கவும் அது தாராளமாகப் போதும். கிரிக்கெற்றுக்குத்தான் போதாது. அங்கே கையை நீட்டிப் பந்து போடவேண்டும். மடங்கிய முழங்கையை உதறி எறிந்தால் கள்ளம், அவனுக்கோ அப்படித்தான் எறிய வரும்.

இரண்டாயிரத்து இரண்டில், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் தமிழ்க் கழகங்களின் இறுதிப் போட்டி. நான் விக்கெற் காப்பாளன். நடுவர் இராசரத்தினம் அண்ணை, நேர்மை தலைக்கேறிய மனிதர். கிருபன் போட்ட ஆறு பந்துக்கும் ‘நோ போல்’ சொன்னார். தன் கை கோணல் என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

“ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்” என்றார் அண்ணை. மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கக்கேடு. அன்றோடு அவன் கழகத்துக்கு வருவதை விட்டான். கள்ளன் என்ற பெயர் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஒருநாள் ஈரக் கையுறையைச் சுருட்டி, பதினைந்து மீற்றர் தள்ளியிருந்த அழுக்குத் தொட்டிக்குள் எறிந்தான். பக்கத்தில் நின்ற யென்ஸ் உள்ளூர் பேஸ்போல் அணித் தலைவன். திரும்ப எறியச் சொன்னான். மூன்று தரமும் கையுறை தொட்டிக்குள் விழுந்தது. அந்தச் சனிக்கிழமையே மைதானத்துக்குக் கூட்டிப் போனான். பேஸ்போலில் எறிவதுதான் வேலை. முழங்கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் எறிந்தான். அவனுடைய பந்து கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும், மட்டைக்காரர்கள் தேடுவார்கள். டென்மார்க் பேஸ்போலில் அவன் பெரும்புள்ளி. பெரும்புள்ளி என்றால், வேலியோரம் கோப்பியோடு நிற்கும் நாற்பது பேருக்குத் தெரிந்தவன். அதில் பாதி வீரர்களின் மனைவிமார். அவன் மனைவி இன்பமலருக்கு, ஏன் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. கிழமை நாளில் மீன், சனி பேஸ்போல், ஞாயிறு சபை என்று சந்தோசமாகத்தான் வாழ்ந்தான். கல்யாண வீடுகளில் இராசரத்தினம் அண்ணையைக் கண்டால் மட்டும் வலது கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்வான்.

போன செப்டெம்பரில் அவனது கடைசி ஆட்டம். வயது நாற்பத்தெட்டு. அன்று சிரித்த குற்றத்துக்காக, அவனிடம் சொல்லாமலே அண்ணையை என் காரில் ஏற்றிப் போனேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரணி எறிகாரரையும் கவனமாகப் பார்த்தார்.

“இஞ்சை எல்லாரும் மடக்கித்தான் எறியினமோ?”

ஓம் என்றேன்.

கடைசி மட்டைக்காரன் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் வெற்றி. அப்போதுதான் கிருபன் திரும்பி அண்ணையைக் கண்டான். வலது கை தானாகப் பின்பொக்கற்றுக்குள் போனது.

அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கிருபன், நான் சொன்ன நோ போல் சரி. உன்னைக் கள்ளனாக்கிச் சிரிச்சதுதான் பிழை. கையை வெளியிலை எடு. எறி.”

அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்த எங்களுக்குத்தான் அது விளங்கியது. கிருபன் கையை எடுத்தான். பந்து வளைந்து இறங்க, மட்டை வெறுங்காற்றை வெட்டியது. முதலில் கைதட்டியவர் அண்ணைதான்.