திரும்பும்போது, திரும்பினால்

கம்பெனிகள் நிறைந்த மண்ணூர்ப் பக்கத்துச் சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், பாலஸ்தீனத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை பேசினார். கம்பெனியில் வெளிநாட்டு இன்ஜினியர்களோடு பேசிப் பழகியவன் என்பதால், அவருடைய இங்கிலீஷை மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

1948-இல் இஸ்ரேல் உருவானபோது அவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதை அவர் 'நடந்தது' என்று சொல்லவில்லை. 'நடந்துகொண்டிருக்கிறது' என்றார். ஜனங்கள் குழம்புவார்களே என்று நான் 'நடந்தது' என்றே சொன்னேன். பிறகு, "நாங்கள் ஊர் திரும்பும்போது" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். நான் "திரும்பினால்" என்றேன். வாய் தவறவில்லை. அவர்கள் திரும்புவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

முன்வரிசையில் இருந்த, வடக்குப்பட்டு ஊரிலிருந்து வரும் வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலர் உச்சுக் கொட்டினார்கள்.

வெளியே வந்ததும் ஆசிரியை என்னிடம் கேட்டார்: "ஏன் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்? நான் சொன்னதைத்தானே சொன்னீர்கள்?"

"அப்படியே சொன்னேன், மேடம்."

"எங்கள் அரசியல் பேச்சில் காலத்தை எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம். ஒருவர் 'கட்டம் கட்டமாக மீட்போம்' என்பார், இன்னொருவர் 'பொறுமையாகக் காத்திருப்போம்' என்பார். அதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 'முடிந்தது' என்று சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன், வடக்குப்பட்டு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, அன்னிக்கி நான் மாத்திச் சொல்லிட்டேன். அவங்க 'திரும்பினா'ன்னு சொல்லல. 'திரும்பும்போது'ன்னுதான் சொன்னாங்க."



"இன்னா தம்பி இது. எங்க நெலத்துல இப்ப கம்பெனி கீது. 'அங்க எங்களுக்கு நெலம் இருந்துச்சு'ன்னுதான் நாங்க சொல்லுவோம். அந்தம்மாவும் அப்டித்தான் ஊர உட்டுட்டாங்கன்னு நெனச்சிகினு அழுதேன்."

"தப்புதாம்மா."

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எல்லாருக்கும் சொல்லு."

பாஸ்டரிடம் அனுமதி கேட்டு, ஆராதனை முடிவில் எழுந்து, மாற்றிச் சொன்ன இரண்டு இடங்களையும் சொன்னேன். முந்தின வாரம் கேட்டவர்களில் பாதிப் பேர் அன்று ஷிப்டில் இருந்தார்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த பையன்கள் சிலர் வேலையை விட்டுச் சொந்த ஊரான திருநெல்வேலிக்கே போய்விட்டிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஆசிரியை இன்னும் நான் மாற்றிச் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாஸ்டரிடம் முகவரி வாங்கி ஆசிரியைக்கும் நடந்ததை எழுதினேன். பதில் வரவில்லை.