குடைச் சாமியை நிமிர்த்திய காலை

ஏற்காடு மலையில் மாரமங்கலத்துக்கு அப்பால், நான் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்த்த காப்பி எஸ்டேட்டை ஒட்டிய ஊரில் ஒரு கல் சாமி உண்டு. இடுப்பு உயரப் பலகைக்கல். அதில் துணியில்லாமல் சம்மணமிட்ட ஒருவர், தலைக்கு மேல் அடுக்குக் குடை. சமணத் தீர்த்தங்கரர் என்பார்கள் படித்தவர்கள். ஊருக்கு அவர் குடைச் சாமி.

எண்பதுகளில் ஒரு பங்குனி. காப்பி பூக்க வேண்டிய மழை வரவில்லை. அப்படியானால் சாமியைக் குப்புறப் படுக்கவைப்பது ஊர் வழக்கம்.

"குடைக்குள்ளயே உக்காந்திருக்கறவருக்கு வெயிலு எப்படிங்க தெரியும்? முதுகு காயட்டும்" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

தூக்க ஓர் ஆள் குறைந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், சும்மா இருக்க மாட்டாமல் கை கொடுத்தேன். படுக்கவைத்த பிறகு, "குட் நைட் சாமி" என்று முதுகில் தட்டியும் வைத்தேன்.

மழை வந்தது. வந்தது போகவில்லை. நாள் கணக்கில் கொட்டி, ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. என் மனைவிக்கோ மாதம் நிறைந்திருந்தது, தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி ஏற்காட்டில். அன்று காலை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இடுப்பு சுருக்கு சுருக்குங்குது" என்றாள்.

தோட்டத்துக்காரர் நனைந்தபடி ஓடிவந்தார். "ரைட்டருங்க, படுக்கவெச்ச கையேதான் நிமுத்தோணும். சாமி உக்கார்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. தொறந்தா மழை நிக்காது. மத்தவங்களப் பத்திப் பயமில்லீங்க" என்று என்னையே பார்த்தார்.

மூடுபனியில் சாமியின் முதுகு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அன்றைக்குத் தட்டிய இடத்தைப் பார்க்கவே பயந்தேன். கடப்பாரையால் நெம்பித் தூக்கினோம். பீடத்தில் இறக்கும்போது கல் வழுக்கியது. என் இடது கை விரல்கள் அடியில் மாட்டிக்கொண்டன.

வாயைத் திறந்தேன். மனைவி சுவரைப் பிடித்து நின்றது கண்ணுக்குள் வந்தது. மூடிக்கொண்டேன். மாதாவை மனசுக்குள் கூப்பிட்டேன். குடைச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். மலை உச்சிச் சாமி சேர்வராயனையும் விடவில்லை. கண்ணை உருட்டினேன், காலை உதைத்தேன், தலையை ஆட்டினேன். என் சேட்டை தெரிந்த தோட்டத்துக்காரர், இந்த நேரத்திலுமா என்று முறைத்துவிட்டு இன்னும் பலமாக அழுத்தினார். வாழ்நாளெல்லாம் கோமாளித்தனம் பண்ணியவனின் நிஜ வலியை யார் நம்புவார்கள்?

பீடத்தில் ரத்தம் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்ப, விரல் வெளியே வந்தது. சாமி உட்கார்ந்தார். அப்புறம் நான் போட்ட கூச்சலில் எதிர்மலை நாய்களெல்லாம் குரைத்தன.

அந்த நிமிஷமே மழை நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்தது. அந்த இடைவெளியில் லைன் வீட்டுத் தொழிலாளர்கள் மண்ணை ஒதுக்க, எஸ்டேட் ஜீப் எங்களை ஏற்றிக்கொண்டு சரிவை உரசியபடி போனது. கீழே பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் நான், "ஐயோ, கை!" என்று அலறினேன்.

மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். "ஏனுங்க, இன்னிக்கு நாந்தான் கத்தோணும். கொஞ்சம் உட்டுக்குடுங்க."

விட்டுக்கொடுத்தேன். அவள் கத்தக் கத்த, நல்ல கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் மகள் பிறந்தாள். கட்டுப்போட்ட கையோடு குழந்தையை வாங்கப் போனேன். கட்டுத்துணியில் ரத்தம் ஊறியிருந்ததைப் பார்த்த நர்ஸ் தரமாட்டேன் என்றுவிட்டாள்.