ஒண்ணுமே பண்ணல

எங்கள் தெருவில் யாருடைய போன் படுத்தாலும் என்னிடம்தான் வரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்; கல்லூரியையும் பார்த்துவிட்டேன். அதனால் போனைக் கையில் வாங்கியதும் டாக்டர் முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு, முதல் கேள்வியைக் கேட்பேன்: “கடைசியா இதுல என்ன பண்ணீங்க?”

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “ஒண்ணுமே பண்ணலம்மா.”

மாவரைக்கும் கிரைண்டருக்குள் போனைப் போட்டவரும் அதையேதான் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொள்வேன். அடக்குவது அவருக்குத் தெரியும்படி அடக்குவேன்.

இப்படிப்பட்ட ஆள் கடையில் செய்துவைத்த கம்ப்யூட்டரை வாங்குவேனா? பாகம் பாகமாக வாங்கி வந்து, முசரவாக்கத்து வீட்டின் நடுக்கூடத்தில் நானே பூட்டினேன். பிராசசர் மேல் தெர்மல் பேஸ்ட் வைத்தபோது அம்மா எட்டிப்பார்த்தாள். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை மடிக்கும் வேலை அவளுக்கு. “இன்னாடி அது, சுண்ணாம்பா?”

“மண்டை சூடாவாம இருக்கத் தடவுறதும்மா.”

“அதுக்கு சந்தனம் போதுமே.”

எவ்வளவு இளக்காரமாகச் சிரித்தேன் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி மாட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். பட்டம் வாங்கியவள் மூடி மாட்டுகிறாள் என்பது தெருவுக்குத் தெரியாமல் இருக்க, ‘குவாலிட்டி செக்‌ஷன்’ என்று சொல்லிவைத்திருந்தேன். அந்த வேனிலிருந்து இறங்க ஒரு வழி வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று அழைப்பவர்களுக்குப் போனிலேயே வழி சொல்லி அதை எழுப்பிவிட வேண்டும். பூஜை விடுமுறை முடிந்ததும் வீடியோவில் நேர்காணல். கூடவே ஒரு தேர்வு. தேர்வை கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் முடியாது.

ஆயுத பூஜையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினாள். அப்பாவின் ஆட்டோ, அரிவாள்மனை, மிக்சி எல்லாம் முடிந்து கம்ப்யூட்டருக்கு வந்தாள். கேபினட் பெட்டியின் தலையில் பொட்டு வைக்கப் போனவளைத் தடுத்தேன்.

“அங்க வேணாம்மா. நெத்தியில வெக்கணும்.”

“இதுக்கு நெத்தி எங்க இருக்குது?”

“இந்த பட்டன்தான் நெத்தி.”

அவளிடம் விட்டால் சின்னதாக வைப்பாள் என்று கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். பவர் பட்டன் மறையும்படி, நல்ல கெட்டியாக, வட்டமாக ஒரு பொட்டு. நடுவில் குங்குமம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டியதும், அப்பா எலுமிச்சம்பழத்தின் மேல் ஆட்டோவை ஏற்றி இறக்கினார். நான் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஐந்து எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்துபோனது. விரலில் ஒட்டிய சந்தனத்தை நைட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே கதை.

“கடைசியா இன்னாடி பண்ண அத?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமே பண்ணல!” என்று கத்தினேன்.

மெமரிப் பட்டையான ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அசையவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, “ஆட்டோன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். இத எங்கம்மா தள்றது?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். பவர் சப்ளைதான் செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதி, அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டோவிலேயே டவுனுக்குப் போனேன். உதிரிபாகக் கடைக்காரர் சோதித்துப் பார்த்தார்.

“ஜோரா இருக்குதும்மா.”

“நல்லா பாத்தீங்களாண்ணா?”

“பாத்துட்டேன். யாரு அசெம்பிள் பண்ணது?”

“நான்தான்.”

“அப்ப அதான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், கோபத்தில் மதர்போர்டையே கேபினட்டிலிருந்து வெளியே எடுத்தேன். அம்மா கொண்டுவந்திருந்த புடவை அட்டைப்பெட்டியின் மேல் அதை வைத்து, பட்டனின் ஒயர் மாட்டும் இரண்டு கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன். ஓடியது. அணையாமல் ஓடியது! திரும்பக் கேபினட்டுக்குள் வைத்து மூடிப் பட்டனை அழுத்தினால், ஐந்தே எண்ணிக்கையில் அணைந்தது.

“வெளிய வுட்டா நல்லா ஓடுது, ஊட்டுக்குள்ள வந்தா படுத்துக்குது,” என்றாள் அம்மா. “உங்கப்பா மாதிரியே வாங்கிக்கினு வந்துட்டியேடி.”

கேபினட்டின் இரும்பு போர்டில் எங்கேயோ உரசி ஷார்ட் ஆகிறது என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு திருகுக்கு அடியிலும் அட்டைத் துண்டு வெட்டி வைத்தேன். பலனில்லை. பக்கத்துத் தெருவில் கூடப் படித்தவளிடம் லேப்டாப் இருந்தது. ஆனால், “சொந்தமா பூட்டத் தெரியாதவங்கதான் லேப்டாப் வாங்குவாங்க,” என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தேன். அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போய்க் கேட்பது?

ஆக, நேர்காணலன்று மதர்போர்டு புடவைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஒயர்கள் குடல் சரிந்தாற்போலக் கிடந்தன. காலி கேபினட் என் காலடியில். பெருக்கக் கூடாது, பட்டு உரசினால் கரண்ட் பொறி பறக்கும் என்பதால் பட்டு கட்டிக்கொண்டு பக்கத்தில் வரக் கூடாது என்று அம்மாவுக்குத் தடை. ஸ்க்ரூடிரைவரால் தொட்டு எழுப்பிவிட்டு, கேமராவில் என் முகமும் பின்னால் சுவரும் மட்டும் தெரியும்படி உட்கார்ந்தேன்.

தேர்வு நல்லபடியாக முடிந்தது. பிறகு திரையில் வந்த அம்மையார் கேட்டார்: “ஒரு யூசர் கூப்பிடுறாரு. சிஸ்டம் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகுதாம். என்ன செய்வீங்க?”

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ராம், பவர் சப்ளை, சூடு, ஷார்ட் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன்.

“இதுக்கெல்லாம் முன்னாடி, அவர்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?”

“கேப்பேன் மேடம். கடைசியா அதுல என்ன பண்ணீங்கன்னு கேப்பேன். ஒண்ணுமே பண்ணலன்னுதான் சொல்லுவாங்க. அத மட்டும் நம்பவே கூடாது. ஏதாவது…”

ஏதாவது பண்ணியிருப்பார்கள் என்று முடிக்க வேண்டும். அப்போது என் கண் கீழே போனது. காலி கேபினட்டின் நெற்றியில், காய்ந்து வெடித்த சந்தனத்தோடு, நான் வைத்த பொட்டு. கால் கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்த்தேன். பட்டன் உள்ளே போனது. போனது போனதுதான், வரவே இல்லை. நிதானமாக, ஐந்து எண்ணிப் பெருமூச்சும் விடும் நேரம் கழித்து வெளியே வந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். இது எனக்குத் தெரியாத சங்கதியா? தெருவுக்கே பாடம் எடுத்தவள் நான்.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா?”

நெட் போய்விட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்; அதன் பிறகு எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கேமராவைக் கீழே திருப்பி, பெட்டியையும் குடலையும் பொட்டையும் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பொட்டைப் பார்த்தார்.

“இந்தக் கம்ப்ளெயின்ட்ட நீங்க எழுதுனா, காரணம்னு என்ன போடுவீங்க?”

“யூசர்தான், மேடம்.”

அவரும் சிரித்தார். எனக்கு வேலை கிடைத்தது. ஓரிரு வாரத்தில், வேனில் என் இடத்துக்கு வேறொரு பட்டதாரி வந்து சேர்ந்தாள். அவளும் குவாலிட்டி செக்‌ஷனாகத்தான் இருப்பாள்.

நேர்காணல் முடிந்த அன்று மதியமே ஈரத்துணியும் பழைய பல் பிரஷுமாக உட்கார்ந்து பட்டனைச் சுரண்டினேன். டக்கென்று மேலே எழும்பியது. எல்லாவற்றையும் உள்ளே பூட்டி அழுத்தினேன், ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்டு அம்மா வந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு என் கையில் மஞ்சளாக நனைந்திருந்த பிரஷைப் பார்த்தாள்.

“ஓடுதே! இன்னாடி பண்ண?”

பிரஷைப் பின்னால் மறைத்தேன்.

“ஒண்ணுமே பண்ணலம்மா.”