குழாயில் வந்த மகள் குரல்

கந்தர்வக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் இறந்தாலும், எந்த ஜவுளிக்கடை தள்ளுபடி போட்டாலும் முதலில் சொல்கிறவர் மதுரைவீரன்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் ஆம்ப்ளிபயர், கையில் மைக். பதிவு செய்து ஓடவிடுகிற வேலையெல்லாம் அவருக்கு ஆகாது. “செத்தவரு பேரை மெஷினா சொல்றது?” என்பார். எதையும் நேரில்தான் பேசுவார். அறுபதை நெருங்கியும் குரல் கணீரென்றுதான் இருந்தது. காதுதான் போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று மீசை முளைக்கும் முன்பிருந்தே குழாய்க்கு அடியில் உட்கார்ந்தவர். முதலில் கொசுவின் சத்தம் போயிற்று. அதை நல்லது என்றே நினைத்துக்கொண்டார். அப்புறம் பெண்கள் பேச்சு புரியாமல் போயிற்று. டீக்கடையில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு இவர் ஒருவர் மட்டும் சிரிக்க வேண்டியிருந்தது. அதனால் டீக்கடைக்குப் போவதையே விட்டார். “மைக் வீரனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டார். தலைக்கனம் பிடித்தவனுக்கு வேலை கொடுப்பார்கள், செவிடனுக்கு யார் மைக் கொடுப்பார்கள்?

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் அன்புமொழி, பெலிக்ஸைக் கட்டிக்கொண்டு குவைத்தில் இருக்கிறாள். சர்ச்சில் நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இவர் முறுக்கிக்கொண்டு வீட்டில் கிடந்தது உண்மை. பேரன் பிறந்த படத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனதும் உண்மை. ஆனால் அதற்குள் காது கெட்டுவிட்டது. மகள் போன் செய்தால் ஒன்றும் புரியாது. தன் குரலும் தனக்குக் கேட்காததால், “என்ன? என்னாங்குற?” என்று கத்துவார். அங்கே அவள் அழுதுவிட்டு வைத்துவிடுவாள். நாலைந்து தடவை இப்படி ஆனபின் போன் நின்று, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மட்டும் வர ஆரம்பித்தது.

அதைக் கேட்க அவர் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. ஊருக்கு வெளியே முந்திரிக்காட்டுக்குள் ஆட்டோவை விடுவார். போனை ஆம்ப்ளிபயரில் சொருகி, சத்தத்தை முழுசாகத் திருகி, இரண்டு குழாய்க்கும் நடுவில் தலையைக் கொடுத்து நிற்பார். மகள் குரல் காடு முழுக்க எழும்பும். “சாப்பிட்டீங்களாப்பா? தம்பி நடக்கிறான்பா. என்மேல இன்னும் கோவமாப்பா?” ஒவ்வொரு பதிவும் அந்தக் கேள்வியில்தான் முடியும். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டு ஆட்டோவைக் கிளப்புவார். ஊரையே கூப்பிட்டுச் சேதி சொல்கிறவருக்கு, பெற்ற மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

சித்திரை மாதத்தில் கோபிநாத் என்பவர் திருச்சியிலிருந்து வந்து, கல்யாண மண்டபத்தில் காது மெஷின் முகாம் போட்டார். சுற்றுவட்டாரம் முழுக்க விளம்பரம் செய்ய மதுரைவீரனைப் பிடித்தார். “முதல்ல ஒங்க காதைப் பாத்துருவமாண்ணே, இலவசம்தான்” என்று சைகையோடு கேட்டார். மதுரைவீரன் பதறிப்போய், “எனக்கா? பாம்புக் காது!” என்று சிரித்துத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்.

“காது மந்தமா? பேச்சுப் புரியவில்லையா? சொந்தபந்தம் ஒதுக்குகிறதா? கவலையை விடுங்கள். எளியோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் காது கேட்கும் கருவி!” தெருத்தெருவாகப் பேசிக்கொண்டு போனார். காது கேட்கிறவர்கள் வாசலுக்கு வந்து பார்த்துச் சிரித்தார்கள். யாருக்காக அந்த விளம்பரமோ அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் போன பெரியவர் ஒருவர் ஆட்டோ முதுகில் இடிக்கிற வரைக்கும் ஒதுங்கவே இல்லை.

மத்தியானம் முந்திரிக்காட்டுக்குப் போனார். புதிதாக ஒரு பதிவு வந்திருந்தது. குழாயில் போட்டார்.

“அப்பா, இத்தன மாசமாக் கேக்குறேன், நீங்க ஒரு வார்த்த பேசல. கும்பிடு மட்டும் போடுறீங்க. ஒங்களுக்குப் புடிக்கலன்னு இப்பப் புரிஞ்சுபோச்சு. இனிமே தொந்தரவு பண்ணலப்பா. ஒடம்பப் பாத்துக்கங்க.”

திரும்பப் போட்டார். அதேதான் வந்தது. ஆம்ப்ளிபயரை அணைக்கப் போனவர், பக்கத்தில் ஒருத்தி நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். முந்திரி பொறுக்க வருகிற கண்ணாத்தாள். இடுப்பில் கூடையோடு நின்று அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

“என்னம்மா? சத்தமாத்தான் சொல்லேன்!” என்று கத்தினார்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். சீட்டில் கிடந்த மைக்கை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தாள்.

“அண்ணே, அந்தப் புள்ள நீங்க கோவமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கு. காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிப்புட்டா என்னண்ணே?”

கையெட்டும் தூரத்தில் நின்றவள் பேச்சு, இரண்டு குழாய் வழியாகக் காட்டையே சுற்றிக்கொண்டு அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். அப்போதுதான் பார்த்தார், மரங்களுக்கு நடுவே இன்னும் பல பெண்கள் எழுந்து நின்றார்கள். கைகளில் பழத்திலிருந்து பாதி திருகிய கொட்டைகள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாத்தாள் மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கினாள்.

“அது பேசுறப்ப நாங்க வேலைய நிப்பாட்டிட்டுக் கேப்போம்ணே. தை மாசத்துலேருந்து கேக்குறோம். வெளியில யாருகிட்டயும் மூச்சு விடல.”

யாருமில்லாத காடு என்றல்லவா அவர் வந்துகொண்டிருந்தார்! இருமலும் பேச்சும் சிரிப்புமாக இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு இவ்வளவு காலம் ஒற்றை ஆளாகவே இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக்கில் பேசினால் அவர் குரல் அவருக்கே கேட்கும், அதனால் கத்த வேண்டியதில்லை. ஒரு கையில் மைக், மறு கையில் போன். பதிவுப் பொத்தானை அழுத்தினார். வழக்கம்போல் “பொதுமக்களுக்கு” என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி, அதை அழித்துவிட்டு மறுபடி பேசினார்.

“அப்பா பேசுறேம்மா. கோவமெல்லாம் இல்ல. எனக்குக் காது கேக்கல. நீ சொல்றது வெளங்காமத்தான் போன்ல கத்துனேன். ஒன் பேச்சக் குழாயில போட்டுத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். இனிமே பேசமாட்டேன்னு மட்டும் சொல்லாதத்தா.”

பெண்கள் மறுபடி குனிந்து கொட்டை பொறுக்கப் போனார்கள்.

சாயங்காலம் முகாமில் கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தார். கோபிநாத் ஒன்றும் கேட்காமல் காதைச் சோதித்து, ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டார். விலைக்கு ஏற்ற சரக்குதான், எல்லாச் சத்தமும் தகரத்தில் தட்டுகிற மாதிரி வந்தது. பழகிவிடும் என்றார் கோபிநாத்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். ஃபேன் கறகறத்தது. அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ தெரியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அதற்கு மேல் கேட்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. இவ்வளவு வெறிச்சோடியா கிடந்திருக்கிறது என்று மனசு கனத்தது.

போனில் மகளிடமிருந்து பதிவு வந்திருந்தது. ஆட்டோவுக்குப் போகாமல், கையில் வைத்தபடியே போட்டார். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்.

“அப்பா, நிறுத்தி நிதானமாப் பேசுறேன். கேக்குதாப்பா?”

“கேக்குதுத்தா” என்றார்.

பொத்தானை அழுத்தாமலே சொல்லியிருந்தார். ஆளில்லாத வீட்டில் அது அவருக்கு நன்றாகவே கேட்டது. அப்புறம் பொத்தானை அழுத்தி, இன்னொரு தடவை சொன்னார்.