பூட்டாத மாட்டை அவிழ்ப்பது

மோட்டார் வந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பெரிய கெடுதல் எதுவும் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சாகவில்லை. அடிதடி இல்லை. ஆனாலும் அந்த வருஷத்தை நினைத்தால், மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றுகிற மாதிரி இருக்கிறது. கால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. செஞ்சி கடைவீதிக்குப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்து "இன்னா வேணும்?" என்று கேட்கிற வரைக்கும் ஓரமாக நிற்பேன். கூட்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடுவதும் உண்டு. என் அண்ணன் அப்படி இல்லை. அவன் தெருமுனையில் திரும்பும்போதே குரல் கேட்கும்.

எங்கள் நிலம் கோட்டையைத் தாண்டி, திருவண்ணாமலை போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. காலையில் மலையின் நிழல் விலகிய பிறகுதான் வெயில் வரும். நைனா நிலத்தை எங்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். கிணறு ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியாது. அதனால் ஒருநாள் அண்ணனுக்கு, மறுநாள் எனக்கு என்று முறை வைத்தார். முறை எதுவரை என்று அண்ணன் கேட்டதற்கு, "பூட்டினவன் அவுக்கற வரைக்கும் அவன் முறை. அவுத்துட்டா அன்னைக்கு அதோட முடிஞ்சுது" என்றார். மாட்டைச் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அப்போது கவலை இறைப்புதான். சால் என்கிற தோல் பையைக் கிணற்றுக்குள் இறக்கி, வடத்தை மாட்டின் நுகத்தில் கட்டி, மாடுகளைச் சரிவில் இறக்கினால் சால் மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடுகளைப் பின்னுக்கே நடத்தி ஏற்ற வேண்டும். பிறகு மறுபடி இறக்க வேண்டும். விடியலில் பூட்டினால் வெயில் ஏறும்போது மாடு நுரை தள்ளும். அவிழ்த்துவிடுவோம். மாட்டின் கழுத்தில் புண் ஆறியதே இல்லை. வடத்தின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு போயிற்று. கவலை இறைத்த காலத்தை யாராவது என்னிடம் புகழ்ந்து பேசினால், அவர் இறைத்ததில்லை என்று தெரிந்துகொள்வேன்.

அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் மாடு ஓட்ட, ஒருவன் வயலில் மடை திருப்ப. அண்ணன் முறை என்றால் அவன் ஓட்டுவான், நான் மடை திருப்புவேன். என் முறையில் அவன் மடைக்கு நிற்பான். தினமும் காலையில் இரண்டு பேரும் அங்கே இருந்தோம். பேசியது எல்லாம் அவன்தான்.

ரோட்டோரமாகக் கரண்டுக் கம்பம் நட்டுக்கொண்டே வந்தார்கள். முதலில் வீடுகளுக்கு விளக்கு. பிறகு அரிசி மில். என் பெண்சாதி உலக்கையை மூலையில் சாத்தினாள். நெல்லை மில்லுக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை. உள்ளங்கையில் இருந்த காய்ப்பு கொஞ்ச நாளில் உரிந்து போயிற்று. கரண்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

அண்ணன் மோட்டார் வாங்கினான். என்னையும் பாதி சேரச் சொன்னான். எனக்குப் பயமாக இருந்தது, பார்க்கலாம் என்றேன். கடைவீதியில் மோட்டார் பூட்டுகிற, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு பாய் இருந்தார். அவர்தான் வந்து மோட்டாரை மேட்டில் வைத்து, கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைப் பூட்டினார். அண்ணி மோட்டாருக்கு மஞ்சள் பூசி, குங்குமமும் கற்பூரமும் கொண்டுவந்து வைத்தாள். பாய் மேலே ஏறி வந்து மோட்டாரைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, காத்து போற ஓட்டையில கூட மஞ்ச பூசி வெச்சிருக்கியே. அதுக்கு மூச்சு முட்டாதா?"

"சாமிக்கு வெக்கறது பாய்."

"சாமிக்கு வெச்சா சரி. சூடாயிட்டா சாமி வந்து காயில் கட்டமாட்டாரு. நான்தான் கட்டணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டார்டரைத் தட்டினார். குழாயில் வந்த தண்ணீர் தொட்டியின் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. எங்கள் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணன் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றான். "டேய் தம்பி, இனிமே எனக்கு மடைக்கு ஆளு வாணாம்டா. நானே போட்டுட்டு நானே திருப்பிக்குவேன்" என்றான். எனக்கு ஒரு வேலை குறைந்தது என்றுதான் அவன் சொன்னான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் முறை நாளில் அவன் மடைக்கு வருவது, நாலைந்து முறைக்குப் பிறகு நின்றுபோயிற்று. பெண்சாதி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் மழை சரியில்லை. பொங்கலுக்குப் பிறகு நான் நெல் நட்டிருந்தேன். மோட்டார் வந்த தைரியத்தில் அண்ணன் கரும்பு வைத்தான். கரும்பு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடிக்கும். அவன் முறை நாளில் கரண்டு வந்ததும் போடுவான். கரண்டு போகும்வரை ஓடும். கரண்டு மறுபடி வந்தால் மறுபடி ஓடும். மறுநாள் காலையில் நான் மாட்டைப் பூட்டிச் சாலை இறக்கினால் அடியில் சேறு தட்டும். ஊற்று சுரந்த கொஞ்சம் தண்ணீரும் சீக்கிரம் தீர்ந்துபோகும். மாடுகளுக்கு வேர்க்கக்கூட இல்லை. அவிழ்த்துவிடுவேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நைனா முறை வைத்தபோது கிணற்றுக்கு ஓய்வு என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. மாடு களைத்தது, அதனால் கிணறு ஊறியது. இப்போது களைக்கிறதுக்கு யாரும் இல்லை.

என் நெல் பூவெடுக்கிற பருவத்துக்கு வந்தது. அந்தச் சமயம் காய்ந்தால் கதிர் பதராகிவிடும். அது போனால் அடுத்த அறுப்புவரை வீட்டில் சாப்பாட்டுக்கு நெல் கிடையாது. மண் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. பெண்சாதி வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க, போயி கேளுங்க. மத்தியானத்தோட நிறுத்தச் சொல்லுங்க. உங்க அண்ணன்தானே, ஊர்க்காரனா?"

"கேக்கறேன்."

"நேத்தும் கேக்கறேன்னுதான் சொன்னீங்க."

போனேன். அண்ணன் மோட்டார்க் கொட்டகையின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்று, மத்தியானத்தோடு நிறுத்தினால் எனக்கு நாளைக்குக் கொஞ்சம் ஊறும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாடா?" என்று கத்தினான்.

இன்னொரு முறை சொன்னேன். அவன் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினான். எழுந்து நிறுத்திவிட்டுக் கேட்கலாமா என்று ஸ்டார்டர் பக்கம் பார்த்தான். எனக்காக ஓடுகிற மோட்டாரை நிறுத்துவதா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. "ஒண்ணுமில்லண்ணா" என்று கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். கவலைச் சத்தத்தில் நான் பேசினால் அவனுக்குக் கேட்கும். மாடு சரிவில் இறங்கும்போது வடம் முனகும், வடம் ஓடுகிற சகடை கிறீச்சிடும், ஆனாலும் கேட்கும்.

பெண்சாதி என்னைத் திட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். மோட்டார் நின்றுபோய், கழற்றிக் கொண்டுவந்த ஸ்டார்டரில் கோளாறு பார்க்கப் பாயும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் அண்ணி கொடுத்த மோர் டம்ளர்.

"மாமா" என்று என் அண்ணனைக் கூப்பிட்டாள். "நெல்லு பூவெடுக்குது. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பெரியவரு இன்னா சொல்லிட்டுப் போனாரு? அவுக்கற வரைக்கும்தான் முறைன்னாரு. நீங்க அவுக்கறதே இல்லியே."

அண்ணன் சிரித்தான். கோபமே இல்லாமல்தான் சிரித்தான். "நான் மாடே பூட்டலியேம்மா. பூட்டாத மாட்ட எப்பிடி அவுக்கறது?"

பாய்க்கு மோர் புரை ஏறியது. "தோ பாருங்கப்பா, மோட்டாருக்கு மூக்கணாங்கவுறு கேட்டு யாரும் என் கடைக்கு வந்துடாதீங்க. என்கிட்ட ஸ்டாக் இல்ல" என்றார்.

அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அப்படிப் போனது ஞாபகம் இருக்கிறது. என் பெண்சாதி மட்டும் சிரிக்காமல் நின்றாள். சிரிப்பு அடங்கிய பிறகும் அங்கேயே நின்றாள். அதைப் பார்த்துப் பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டார்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க ஆரம்பித்தார்.

அண்ணனுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மா இவ்ளோ தூரம்? அவன் பயிரு காஞ்சா எனக்கு மட்டும் சந்தோஷமா? டேய், உனக்கும் நானே மோட்டார்ல பாச்சி உட்டுடறேன். உன் முறை நாளுல உன் வயலுக்குப் பாயட்டும். அந்தக் கெழட்டு மாட்ட வெச்சிக்கினு ஏன்டா லோல்படறே? வேணுங்கறப்ப வந்து ஒரு வார்த்த சொல்லு, போட்டு உடறேன்."

அவன் நல்ல மனதோடு சொன்னான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெண்சாதி என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது அது இல்லை. மோட்டாரை மத்தியானத்தோடு நிறுத்த வேண்டும் என்பதைத்தான் அவள் கேட்க வந்தாள். ஆனால் வயல் வெடித்துக் கிடந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் தண்ணீர் வந்தது. ஸ்டார்டர் கெட்டு மோட்டார் நின்று கிடந்த நேரத்தில் கிணறு ஊறியிருந்தது. வாய்க்கால் நிறைய வந்தது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது மண் சத்தம் போட்டது. என் முறை நாளில் என் வயல் முழுதும் நிறையும் வரை அண்ணன் மோட்டாரை நிறுத்தவில்லை. அந்தப் போகத்தில் விளைந்த மாதிரி அதற்கு முன்னால் எனக்கு விளைந்ததில்லை. அறுப்பதற்கு முன்பே மாடுகளை விற்றுவிட்டேன். வேலை இல்லாத மாட்டுக்குத் தீனி போட முடியாது. சால் தோல் காய்ந்து சுருங்கியது. ஒருநாள் நாய் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் அதைத் துரத்தவில்லை.

அறுத்துக் களத்தில் குவித்திருந்தபோது, வரப்பில் போன யாரோ அண்ணியிடம், கொழுந்தனாருக்கு நல்ல விளைச்சலாச்சே என்றார்கள். "விளையாம இன்னா? எங்க தண்ணி ஆச்சே" என்றாள் அண்ணி. அவள் சும்மா சொன்னது. பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் சிதறிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டினேன். பெண்சாதி எதிரே முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தாள். அவளும் நிறுத்தவில்லை.

பாயைப் போய்ப் பார்த்து, நான் ஒரு மோட்டார் போட்டால் என்ன என்று கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பாய் கையில் இருந்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "போடலாம். தாராளமா போடலாம். எனக்கும் வியாபாரம் ஆவும். ஆனா ஒரு கிணத்துல ரெண்டு வாயி வெச்சா, ரெண்டும் சீக்கிரம் சேத்தத்தான் குடிக்கும். அப்புறம் ஆழம் வெட்டுவீங்க. அவரு பத்தடி வெட்டுனா நீ பதினஞ்சு அடின்னுவே. உன் இஷ்டம்பா" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த போகத்துக்கு விதை நெல்லை ஊறவைத்து, கோணியில் கட்டி முளை கட்ட வைத்திருந்தோம். நாற்றங்காலுக்குச் சேறு அடிக்கத் தண்ணீர் வேண்டும். என் முறை நாளாகப் பார்த்துக் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணிக்கா? இரு, சாப்ட்டு வருவாரு" என்றாள்.

வாசலில் ஓரமாக நின்றேன். உள்ளே புதிதாக வாங்கிய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வந்தது. நன்றாக இருந்தது. நின்றுகொண்டு கேட்டேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வாடா. இன்னைக்கு நம்ம கரும்புக்கு ஒரு மூச்சு உட்டுக்கறேன்டா, தோகை காயுது. உனக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். சாப்ட்டியா?"

"சாப்டேண்ணா."

"இட்லி துன்னுட்டுப் போடா."

"இல்லண்ணா, இருக்கட்டும்."

அன்றைக்கு என் முறை. அவனுக்கு அது மறந்துபோயிருக்கும். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. பூட்டுவதும் இல்லை, அவிழ்ப்பதும் இல்லை என்று ஆன பிறகு, முறை என்று எதைக் காட்டிக் கேட்பது?

வீட்டுக்கு வந்தேன். பெண்சாதி கோணியை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதை எல்லாம் முளைவிட்டு வெள்ளையாக நின்றது. இன்னும் ஒருநாள் விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், தூவ வராது.

"இன்னா சொன்னாரு?"

"நாளைக்குன்னாரு."

அவள் கோணியின் வாயை அகல விரித்தாள். பிறகு விதையை எடுத்து, வெயில் படாத இடத்தில் கோரைப்பாயை விரித்து, மெலிதாகப் பரப்ப ஆரம்பித்தாள். சூடு ஆறினால் முளை கொஞ்சம் நிதானிக்கும். நானும் உட்கார்ந்து மறு ஓரத்திலிருந்து பரப்பினேன்.

"நாளைக்கு உடுவாரா?" என்றாள்.

"உடுவாரு" என்றேன்.