அன்னாசித் தோட்டத்தில் மூடிய குழி

பெக்கான் நானாஸ், சனிக்கிழமை மாலை. மகள் தர்ஷினியின் சாரணர் குழுவோடு பெற்றோர்களும் அன்னாசித் தோட்டத்து ஓரம் கூடாரம் போட்டிருக்கிறோம். கறுத்த மண்; நடந்தால் மெத்தை போல அமுங்குகிறது. பிள்ளைகள் பயிற்சியில் கற்றபடி குழி தோண்டி, அதற்குள் நெருப்பு மூட்டி, மைலோ கலக்கிக் குடித்த பிறகு குழியை மண் தள்ளி மூடுகிறார்கள். எவ்வளவு சுத்தம் என்று நான்தான் முதலில் கைதட்டுகிறேன்.

தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார்.

"அலமாக்! குழியிலயா நெருப்பு வச்சீங்க? இந்த மண்ணுக்கு 'தானா கம்புட்'னு பேரு லா. மண்ணே எரியும். மூடிட்டா நெருப்பு உள்ளுக்குள்ளயே போயி வேற எங்கயாவது கிளம்பும்."

"மண்ணு எப்படி ஆன்ட்டி எரியும்?" என்கிறாள் தர்ஷினி.

"இது மண்ணு இல்லம்மா. பழைய காடு, மக்கிக் கெடக்கு."

குழியைத் திறந்து மூன்று வாளித் தண்ணீர் ஊற்றுகிறோம். புகைகூட இல்லை. "போதும்தானே அக்கா?" என்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக் குழிச் சேற்றுக்குள் இறக்குகிறார்.

மேலே, மணிக்கட்டில் ஜில்லென்று இருக்கிறது. அடியில், விரல் நுனியில் சுடுகிறது.